பதிவு செய்யப்படாத பாரம்

தொழில்முறைக் குத்துச்சண்டைத் தூய்மை ஆணையத்திடம் ஓர் அட்டவணை உண்டு. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய குத்துச்சண்டைக்காரர் ஆண்டுக்கு எவ்வளவு பலம் இழக்க வேண்டும் என்பதை அது சொல்லும். அதன் பெயர் தேய்மான அட்டவணை. முதலில் அது லாரி டயர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது என்று ஒரு பேச்சு உண்டு. ஆணையம் அதை மறுத்திருக்கிறது. டயர் அட்டவணையை அப்படியே எடுக்கவில்லை, மழைக்காலத்துக்கான பத்தியை நீக்கிவிட்டுத்தான் எடுத்தோம் என்று விளக்கமும் தந்திருக்கிறது.

இந்த அட்டவணைக்கு அடங்காமல் ஒருவர் பலமாக இருந்துவிட்டார்.

அவரை எல்லோரும் கதவு என்பார்கள். இளமையில் இரும்புக் கதவு. எவ்வளவு குத்தினாலும் அசைய மாட்டார் என்று போட்டி நடத்துகிறவர்கள் வைத்த பெயர். முப்பத்தைந்துக்குப் பிறகு சுவரொட்டியில் இடம் போதவில்லை என்று இரும்பை எடுத்துவிட்டார்கள். வளர்ந்துவரும் பையன்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போக எங்கேயும் ஒரு கதவு வேண்டும். அந்த வேலையை அவர் நாற்பத்தொரு வயது வரை ஒழுங்காகச் செய்தார். கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடிப்பார், புள்ளிக்கணக்கில் தோற்பார், எதிராளியின் கையைத் தானே தூக்கிக் காட்டுவார், மூக்கில் பஞ்சோடு பேருந்து ஏறி வீட்டுக்குப் போவார். யாருக்கும் அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இளவரசன் என்ற பையன் தட்ட வந்தான். ஆணையம் அங்கீகரித்த வலிமைப் பயிற்சித் திட்டத்தின் செல்லப்பிள்ளை அவன். அந்தத் திட்டத்தில் எந்திரங்கள்தான் ஆசிரியர்கள். பாரத்தைத் தூக்கினால் திரையில் எண் வரும், பெண் குரலில் பாராட்டும் வரும். எந்திரங்களை இறக்குமதி செய்பவர் ஆணையத் தலைவரின் மச்சான். இது தற்செயல் என்று தலைவர் பலமுறை சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும்.

மூன்றாவது சுற்றில் கதவு இடது கையால் விலாவில் ஒன்று வைத்தார். இளவரசன் நிதானமாக உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அரங்கில் எல்லோரையும்விட அதிகமாகத் திகைத்தவர் கதவுதான். குனிந்து, "மன்னிச்சுக்கப்பா. வழக்கமா அது அங்க படாது," என்றார்.

அடுத்த நான்கு மாதத்தில் பட்டப் போட்டி, அதில் நீங்கதான், என்று போட்டி நடத்துகிறவர் வந்து சொன்னார். கதவுக்குப் பட்டம் ஞாபகத்துக்கு வரவில்லை. கீழ்வீடுதான் வந்தது.

அவர் குடியிருப்பது நான்காம் மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோய் வெகுகாலம், அதற்குள் இப்போது பழைய சைக்கிள்கள் இருக்கின்றன. கீழே தெருவைப் பார்த்து ஒரு தையல்கடை. அவர் மனைவி அங்கே காஜா எடுத்து, பொத்தான் கட்டுகிறாள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. காலையில் அவளை உப்புமூட்டை தூக்கிக் கீழே கொண்டுவருவார், மதியம் மேலே, மறுபடி கீழே, சாயங்காலம் மேலே. தையல்கடைக்கு அடுத்தாற்போல் ஒரு வீடு காலியாயிருந்தது, பட்டப் போட்டிப் பணம் வந்தால் அதற்கு முன்பணம் கட்டிவிடலாம். பட்டப் போட்டிவரை வேறு யாருக்கும் விடுவதில்லை என்று வீட்டுக்காரர் பிறகு வாக்குக் கொடுத்தார். "கீழ வீடு வந்துட்டா நானே சக்கர நாற்காலிய உருட்டிக்கிட்டு கடைக்குப் போயிடுவேன்," என்று அவள் சொல்லியிருந்தாள். "உங்க முதுகுக்கு லீவு."

அவர் கையுறையைக் கழற்றுவதற்குள் ஒருவன் வந்து எதிரே நின்றான். நீலச் சட்டை, தோளில் ஒரு பை. ஆணையத்தின் உடன்காப்பாளன். சோதனைக்குச் சிறுநீர் மாதிரி கொடுக்கிற வரைக்கும் வீரர்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது, வீரரைக் கையால் தொடவும் கூடாது. நகைக்கடையில் காசில்லாமல் நிற்பவனுடைய வேலை அது.

"அண்ணே, மாதிரி வேணும்."

"எதுக்குப்பா?"

"ஜெயிச்சிட்டீங்களே."

"இத்தனை வருஷம் தோத்தேன், ஒருத்தரும் கேக்கலையே."

"தோத்தா சந்தேகம் வராதுண்ணே."

கொடுப்பதில் கதவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உடம்பில் இருந்ததெல்லாம் வியர்வையாகப் போய்விட்டது. தண்ணீர் குடித்தார், நடந்தார், குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். உடன்காப்பாளன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது அப்படிப் பார்த்தால் வருகிறதும் வராது.

"கடை சாத்துற நேரம். என் வீட்டுக்காரி காத்துட்டிருப்பா. நான் போகணும்."

"தாராளமா போங்க. நானும் வருவேன்."

பேருந்தில் உடன்காப்பாளன் அவருக்கு எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். இவன் போலீஸ், அவர் பிடிபட்டவர் என்று பயணிகள் முடிவு செய்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார், போலீசுக்கு.

தையல்கடையில் அவள் கடைசிப் பொத்தானைக் கட்டி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சீங்களாமே. யாரைக் கேட்டு?" என்றாள். பின்னால் நின்றவனைப் பார்த்து, "இது யாரு, பரிசா?" என்றாள். கதவு விஷயத்தைச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக் குனிந்தார். அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

ஓயாமல் பேசுகிறவள் படியில் மட்டும் பேச மாட்டாள். ஒவ்வொரு மாடியிலும் படி முடிந்து தளம் வந்தால் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தூக்கி ஏறுகிற தன் மூச்சுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். ஏறும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது அடுத்த படியும், தன் மார்பில் கோத்திருக்கும் அவள் கைகளும். "நீ பஞ்சு மாதிரிதான் இருக்க," என்பார். "உங்களுக்குப் பலம் ஜாஸ்தி," என்பாள் தளத்தில்.

மூன்றாம் மாடித் தளத்தில் உடன்காப்பாளன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவள் முதுகின்மேலிருந்து திரும்பிப் பார்த்து, "தம்பி, கஷ்டமா இருந்தா பைய குடுங்க, நான் வெச்சுக்கறேன்," என்றாள். விதிப்படி பையைக் கொடுக்க முடியாது. பாவம், தூக்கிக்கொண்டே வந்தான்.

நான்காம் மாடியில், சொந்தக் குளியலறையில், மாதிரி வந்தது.

சோதனையில் ஒன்றும் இல்லை. ஆணையம் அதனால்தான் கலங்கியது.

விசாரணைக் கூடத்தில் நீள மேசை, கண்ணாடித் தம்ளர்கள், தலைவருக்கு மட்டும் உயரமான நாற்காலி. ஆய்வு நிபுணர் எழுந்தார்.

"தடைசெய்யப்பட்ட பொருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தலைவலி மாத்திரைகூட இல்லை. இவ்வளவு அடி வாங்குகிற ஒருவர் தலைவலி மாத்திரை போடாமல் இருப்பது இயற்கையா? இவ்வளவு சுத்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எனவே எதையோ கழுவியிருக்கிறார்கள்."

"தலைவலி எப்பவும் இருக்குங்க," என்றார் கதவு. "பழகிடுச்சு. சில நாள் கட்டடத்துக்குள்ள வந்துட்டு எத்தனையாவது மாடின்னு மறந்துடும்."

"அது ஆணையத்தின் வரம்பில் வராது," என்றார் தலைவர் கனிவாக. பிறகு கூடத்தைப் பார்த்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் வாழ்நாளில் கையுறை மாட்டியதில்லை. அதனால்தான் இந்த நாற்காலியில் நடுநிலையோடு உட்கார முடிகிறது. நாற்பத்தொரு வயதில் ஒருவர் இப்படிப் பலமாக இருந்தால், இருபத்துமூன்று வயதில் கீழே விழுகிற ஓர் இளைஞனின் மனம் என்ன பாடுபடும்? அதை யார் யோசிக்கிறார்கள்? பலம் எங்கிருந்தோ வரக் கூடாது. வரவேண்டிய வழியில் வர வேண்டும். அந்த வழி நம்மிடம் எளிய தவணையில் கிடைக்கிறது. இவர் வாங்கவில்லை. வாங்காதவருக்குப் பலம் எப்படி வந்தது? என் கேள்வி அவ்வளவுதான்."

கூடத்தின் ஓரத்தில் நின்ற உடன்காப்பாளனுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. அவன் நல்ல மனசுக்காரன். நல்ல மனசுக்காரர்கள் அலுவலகத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஐயா, எனக்குத் தெரியும். அவங்க வீட்டம்மாவால நடக்க முடியாது. இவரு தினம் நாலு மாடி தூக்கிட்டு ஏறுறாரு. நானே பார்த்தேன். மருந்தெல்லாம் இல்லைங்க ஐயா, அதுதான் விஷயம்."

தலைவர் நிபுணரைப் பார்த்தார், நிபுணர் தலைவரைப் பார்த்தார். இருவர் முகத்திலும் நிம்மதி பரவியது.

"ஆக, கருவி உண்டு," என்றார் தலைவர். "பதிவு செய்யப்படாத பாரம்."

மறுநாள் நிபுணர் எடை எந்திரத்தோடு தையல்கடைக்கு வந்தார். உடன்காப்பாளன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். அவளை எந்திரத்தின்மேல் முக்காலியோடு உட்கார வைத்து, முக்காலியின் எடையைக் கழித்தார்கள்.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார் நிபுணர்.

"ஆச்சு. நீங்க?"

"அப்படியானால் இந்த எடை செல்லாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பயிற்சிக் கருவி மாறிக்கொண்டே இருக்கக் கூடாது."

"சிரிச்சா?"

"என்ன?"

"சிரிச்சா எடை கூடுமா, குறையுமான்னு கேட்டேன். வீட்ல இவருகிட்ட ஜாக்கிரதையா இருந்துக்கணும்ல."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தையல்காரர் குறுக்கே வந்தார். "சார், அந்த இளவரசன் பையன் சட்டை எங்ககிட்டதான் வருது. ஆறு மாசத்துல ரெண்டு தடவை காலரைப் பிரிச்சுப் பெரிசாக்கினோம். ஒரு கழுத்து அப்படி வளருமா? அதையும் கொஞ்சம் எடை போடுங்களேன்."

"அது தவணை கட்டி வளர்ந்த கழுத்து," என்றார் நிபுணர்.

கடைசியில், 'ஆய்வுக்கு உட்பட்டது' என்று அச்சிட்ட ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டை எடுத்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் இடது கையை நீட்டினாள். "இதுல ஒட்டுங்க. வலது கை வேலை செய்யற கை." ஒட்டியாயிற்று. கதவு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்க்கையில் அவர் எத்தனையோ பேரைக் குத்தியிருக்கிறார், ஒருவர்மேலும் கோபம் வந்ததில்லை. அன்று முதல்முறையாக வந்தது. அதை என்ன செய்வது என்று பழக்கமில்லாததால் எடை எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிபுணரின் வண்டியில் வைத்துக் கொடுத்தார். மூன்று பேர் தூக்கிவந்த எந்திரம். நிபுணர் அதையும் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. பாரம் அனுமதி பெறாதது. வீரரும் பாரமும் மூன்று மாதம் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. வீரர் வாரந்தோறும் ஆணையத்துக்கு வந்து குத்தின் பலத்தை முள்ளால் காட்டும் ஓர் அளவுத் திண்டைக் குத்த வேண்டும். அவருடைய பலம் தேய்மான அட்டவணைக்கு இறங்கிவந்தால் அவர் தூய்மையானவர் என்று அறிவிக்கப்பட்டு, பட்டப் போட்டிக்கு அனுமதிக்கப்படுவார். இறங்காவிட்டால் உரிமம் ரத்து. பதினேழாம் பிரிவின்படி, ஆணைய ஊழியர் யாரும் பாரத்தைத் தொடக் கூடாது.

"வேண்டாம், விட்டுடறேன்," என்றார் கதவு. "எனக்கு உரிமமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"கீழ வீடு?" என்றாள் அவள்.

அவர் அவள் கையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார்.

"மூணு மாசம்தானே. அக்கா வீட்ல படியே இல்ல, நான் ராணி மாதிரி இருப்பேன். நீங்க நல்லா தளர்ந்து வைங்க."

அக்காவின் வீட்டுக்காரர் வண்டி கொண்டுவந்தார். மஞ்சள் சீட்டு ஒட்டிய கையை ஆட்டிவிட்டு அவள் போனாள்.

தளர்வது அவ்வளவு சுலபமாயில்லை. முதல் வாரம் அவர் குத்தியதில் திண்டின் முள் போகக் கூடாத இடத்துக்குப் போனது. அதிகாரிகள் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். "முயற்சி போதாது," என்றார் நிபுணர். இரண்டாம் வாரமும் அப்படியே. பிறகு அவர் ஒன்றும் செய்யாமலே முள் இறங்க ஆரம்பித்தது. ஒருவருக்காக மட்டும் அடுப்பு மூட்டக் கை வரவில்லை. தூக்கம் வரவில்லை. சாயங்காலமானால் கால்கள் தானாகத் தையல்கடைக்குப் போகும். ஒருநாள் வாசலில் போய் முதுகைக் காட்டிக் குனிந்தும் விட்டார். தையல்காரர் பார்க்காததுபோல் எந்திரத்தை வேகமாக மிதித்தார். வெறும் முதுகோடு ஏறும்போது அவருக்கு அந்தப் படிகள் அதிகமாகத் தெரிந்தன. சில நாள் மூன்றாம் மாடியில் நின்று, வேறு யார் வீட்டுப் பூட்டையோ திறந்துகொண்டிருப்பார்.

திண்டின் முள் வாரத்துக்கு வாரம் கீழே வந்தது. ஆணையத்தில் சந்தோஷம். எழுத்தர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். அட்டவணையின் கோட்டை அவர் தொட்ட அன்று கைதட்டினார்கள். அடுத்த வாரம் கோட்டுக்கும் கீழே போனார். எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டார் என்று நிபுணரே கைகுலுக்கினார்.

இயற்கை முதுமைச் சான்றிதழ் வழங்க ஒரு விழா நடந்தது. தலைவர் கதவின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"இங்கே பாருங்கள். இந்தக் கை நடுங்குகிறது. முன்பு நடுங்கியதா? இல்லை. இன்று நடுங்குகிறது. யார் இதைச் சாதித்தது? நாம். ஒரு மனிதன் தன் வயதுக்குத் தகுந்தபடி தளர்ந்து நம் முன்னால் நிற்கிறான். இதைவிடத் தூய்மையான காட்சி இந்த விளையாட்டில் உண்டா? பட்டம் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இவருக்குக் கிடைத்திருப்பது நிம்மதி."

"நான் எப்ப அவளைக் கூட்டிட்டு வரலாம்?" என்று கேட்டார் கதவு. அது அவருடைய ஏற்புரையாகக் கொள்ளப்பட்டது.

பட்டப் போட்டி பிற்பகலில் தொடங்கியது, பிற்பகலிலேயே முடிந்தது. ஆணையம் எதிராளியாக மறுபடியும் இளவரசனையே நிறுத்தியிருந்தது, அவன் கழுத்து இன்னும் ஒரு காலர் வளர்ந்திருந்தது. முதல் சுற்றில் கதவு இரண்டு முறை விழுந்தார், இரண்டாவது சுற்றில் ஒரே முறை. விழுந்தவருக்குப் பரிசுப் பணத்தில் பங்கு உண்டு. ஆனால் கீழ்வீடு அப்போது இல்லை. இத்தனை மாதம் வாக்கைக் காப்பாற்றிய வீட்டுக்காரர் கடைசி வாரத்தில் ஒரு பெரிய இடத்துக்கு மறுக்க முடியாமல் கொடுத்துவிட்டார். பதிவு செய்யப்படாத பாரங்கள் அந்தப் பகுதியில் மேலும் இருக்கலாம் என்று கருதி, தூய்மை ஆணையம் அந்த வீட்டில் ஒரு வட்டாரக் கண்காணிப்பு அலுவலகம் திறந்திருந்தது. வாசலில் சாய்தளம்கூட உண்டு, எந்திரங்களை உருட்டிச் செல்ல.

உடை மாற்றும் அறையில், காதில் இரைச்சலோடு உட்கார்ந்திருந்தவர் எதிரே அந்த நீலச் சட்டை வந்து நின்றது.

"தோத்தவன்கிட்ட எதுக்குப்பா?"

உடன்காப்பாளனுக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாயிருந்தது. ஆனாலும் பார்த்தான், வேலை அது. "ரொம்பச் சீக்கிரம் தோத்துட்டீங்களாம்ணே. அதுவும் சந்தேகமாம்."

மாதிரி இந்தத் தடவையும் வரவில்லை. போட்டி முடிந்ததும் அவளை அழைத்துக்கொள்ளலாம் என்று ஆணையம் சொல்லியிருந்தது, அக்கா வீட்டுக்காரர் இந்நேரம் தையல்கடையில் இறக்கிவிட்டுப் போயிருப்பார். இருவரும் பேருந்து ஏறினார்கள்.

அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக் கிடந்தது. "கதவை உடைச்சே உள்ள வந்துட்டானா?" என்றாள். பிறகு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்று கையை நீட்டினாள். மஞ்சள் சீட்டு பாதி உரிந்திருந்தது.

அவர் குனிந்தார். எழுந்தார். முதல் மாடி வரை ஏறிவிட்டார். அடுத்த மாடிக்குப் பாதியில் அவர் முழங்கால் ஒருமுறை மடங்கியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். இன்னொரு படி எடுத்தார். அடுத்ததற்குக் கால் எழவில்லை. அவளை மெதுவாகப் படியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"உக்காந்திருங்க, ஒண்ணும் அவசரம் இல்ல," என்றாள் அவள். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

அவர் சட்டைப் பையில் இருந்த சான்றிதழ் மடிந்து, விலாவில் குத்தியது. கீழே, கண்காணிப்பு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு யாரோ போகிற சத்தம் கேட்டது.

உடன்காப்பாளன் இரண்டு படி கீழே நின்றான். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். பிறகு அதைக் கழற்றி கதவின் மடியில் வைத்தான்.

"பைய நீங்க பிடிங்கண்ணே."

"விதி இருக்குல்ல."

"இருக்கு. பதினேழாம் பிரிவுகூட இருக்கு." அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். "அண்ணி, ஏறிக்கோங்க. எனக்குப் பழக்கமில்ல, கொஞ்சம் ஆடும்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் அந்த அந்நியன் கழுத்தைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள். அவன் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து நிமிர்ந்தான்.

"நீங்க முன்னாடி போங்கண்ணே," என்றான் திணறிக்கொண்டு. "மாதிரி வர்ற வரைக்கும் என் கண்ணு உங்க மேல இருக்கணும்."

கதவு பையை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினார். விழுந்துவிடப் போகிறார்களோ என்று ஒரு படிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார். அப்படித்தான் இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் படியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்து, தோளைக் குறுக்கி, மூச்சை அடக்கிப் பிடித்திருந்தாள். தன்னிடம் இருக்கிற கனத்தில் கொஞ்சத்தையாவது சுமக்கிறவனுக்குத் தெரியாமல் தானே தூக்கிக்கொள்ளப் பார்க்கிறவள்போல. தளம் வந்தது. சத்தமில்லாமல் மூச்சை விட்டாள், கண்ணைத் திறந்தாள், அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"என்ன?" என்றாள்.

அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அடுத்த மாடிப்படி தொடங்கியது. அவள் மறுபடி உதட்டை மடித்துக்கொண்டாள்.

"மூச்ச விடும்மா," என்றார்.

அவள் கண்ணைத் திறக்காமல், முதுகில் இருந்தபடி படியில் முதல்முறையாகப் பேசினாள்.

"படி முடியட்டும்."